ஞானராஜ் அண்ணாச்சி மீட்டுத் தந்த நடைபாதை

செய்தி வந்தபோது நான் தெருவில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டடத்தில் மாடி எழுப்புகிறார்கள். அதற்கு வந்த மணலை லாரிக்காரர் நேராக நடைபாதையில் கொட்டிக்கொண்டிருந்தார். காலை எட்டு மணிக்கே புழுக்கம் ஆளைத் தின்றது. எனக்கு வங்காளம் கோபம் வந்தால்தான் சரளமாக வரும். பாதிச் சண்டையில் கைபேசி அடித்தது. நியூ டவுனிலிருந்து ஷீலா, ஞானராஜ் அண்ணாச்சியின் மகள். "ஆன்ட்டி, அப்பா போயிட்டாங்க. காலைல காபி கொண்டுபோன அம்மாதான் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணாங்க. தூக்கத்துலயே" என்றாள். அப்படியே மணல் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். லாரிக்காரர் பயந்துபோய் என்னவென்று கேட்டார். சொன்னேன். "நோட்டு வச்சுக்கிட்டு நடப்பாரே, அந்த ராஜ் பாபுவா?" என்றார். பிறகு மண்வெட்டியை எடுத்து மணலை உள்ளே தள்ள ஆரம்பித்தார்.

நம் தமிழ்ச் சங்கத்துக்காரர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டாலிகஞ்சில் எங்கள் குடியிருப்பில் முப்பது வருடம் இருந்தவர். பொங்கல் விழாவில் நாற்காலி அடுக்குகிறவர், கூட்டத்தில் கடைசியாகப் பேசி எல்லோரையும் பசியில் காக்க வைக்கிறவர் என்று பலருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் கணவர் சேகர் இன்றைக்குத் தெருவில் இறங்கி நடக்கிறார் என்றால் அதற்குக் காரணம் அண்ணாச்சி. இவர் முன்பு நடக்க முடியாமல் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்ததற்குப் பாதிக் காரணம் நான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த மனிதர் யாரென்று விளங்கும்.

அண்ணாச்சி நெல்லைச் சீமைக்காரர். சாந்த்ராகாச்சி யார்டில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்கிற பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தார். ரயில் ஓட்டுகிறவருக்கு சிக்னல் தெரிகிறதா, வளைவில் எதிரே இருப்பது தெரிகிறதா என்று பார்த்து, மறைக்கிற புதரை வெட்டச் சொல்வது அவர் வேலையில் ஒரு பகுதி. அதற்காகத் தினமும் தண்டவாளத்தின் ஓரத்தில் நடந்த கால் அது. ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை. திங்கட்கிழமை தோறும் எங்கள் தெருவை மெட்ரோ முனையிலிருந்து குளக்கரை வரை நடப்பார். போகும்போது இடதுபக்கம் மட்டும் பார்ப்பார். வரும்போது மறுபக்கம். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் நின்று பேசிவிட்டு, நாலடி பின்னால் போய் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குவார். "ஆபீஸ்ல உக்காந்து எழுதுன ரிப்போர்ட்ட ரயில் நம்பாது" என்பது அவர் அடிக்கடி சொல்வது. நாங்கள் சிரிப்போம். எங்கள் தெருவில் ஏது ரயில்.

ஒரு மழைக்காலத்தில் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து வார்டு ஆபீசுக்குக் கிளம்பினோம். மழை தொடங்கி இரண்டு மாதத்தில் ஆமணக்கும் கொடிகளும் நடைபாதையை விழுங்கிவிடும், இந்த ஊரில் வாழ்பவர்களுக்குத் தெரியும். நான் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அக்கறையின்மை, குடிமக்களின் உரிமை என்றெல்லாம் வெளுத்து வாங்கியிருந்தேன். அண்ணாச்சி வாங்கிப் படித்துவிட்டு, "நல்லாருக்கு தங்கச்சி. ஆனா இதை வச்சுக்கிட்டு வெட்டுறவன் அரிவாளை எங்க போடுவான்?" என்று கேட்டார். பிறகு தன் நோட்டைப் பிரித்துக் காட்டினார். வங்காளத்தில், குழந்தை எழுத்தைப் போலக் குண்டு குண்டான கையெழுத்து. யார்டில் கூட வேலை பார்த்தவர்களிடம் கற்றுக்கொண்டது. "பஸ் நிறுத்தப் பலகை தெரியவில்லை. மருந்துக்கடைக்கு எதிரே விளக்கு வெளிச்சம் தரையில் விழவில்லை. பள்ளிக்கூட வாசலிலிருந்து வரும் வண்டி தெரியவில்லை." செடி என்ற வார்த்தையே அதில் கிடையாது. "செடி வளந்தா அது குத்தமில்ல. அது வளரத்தான் செய்யும். எது மறைஞ்சுபோச்சுன்னு எழுதணும்" என்றார். அவர் பட்டியலோடு போனோம். வெட்டுகிறவர்களின் தலைவர் நிமாய் தா, நம் பேச்சில் நிமாய் அண்ணன், அதை ஒருமுறை படித்துவிட்டு, எந்தெந்த இடம் என்று கேட்காமலே ஆட்களை அனுப்பினார். என் இரண்டு பக்கத்தை யாரும் தொடவில்லை. எனக்கு வருத்தம்தான், மறைப்பானேன்.

வெட்டச் சொல்கிற மனிதர் என்று அவரைத் தவறாக நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை புது ஆட்கள் வந்து, குளக்கரை மகிழமரத்தின் கிளைகளை எல்லாம் கழித்துவிட்டுக் கம்பம் போல நிறுத்தியிருந்தார்கள். அண்ணாச்சிக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். குரல் உயர்த்தவில்லை. மரத்தடியில் நின்று, "இது எதை மறைச்சுது? சொல்லுங்க, எதை மறைச்சுது?" என்று வங்காளத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார். அந்த மரம் தழைக்கும்வரை வாரா வாரம் அதற்குத் தண்ணீர் ஊற்றினார்.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் தெரு நடுவில் ஒரு வளைவு உண்டு. பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய வீட்டின் மதிலை ஒட்டி நடைபாதை திரும்பும். அந்த மதிலடி மண்ணில் நான் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்தேன். திருச்சியிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று. இந்த மண்ணுக்கு அது பிடித்துப்போய், வேர் ஓடிய இடமெல்லாம் பக்கக்கன்று விட்டு, நாலு வருடத்தில் தோப்பாகிவிட்டது. குடியிருப்பில் இருந்த அத்தனை தமிழ்க் குடும்பத்துக்கும் ரசத்துக்கு அங்கிருந்துதான் இலை. ஒருமுறை துர்கா பூஜைக்கு முன்னால் தெருவைச் சுத்தம் செய்ய ஆட்கள் வரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என் கறிவேப்பிலைக்கு ஆபத்து. வீட்டில் உடைந்துபோன அம்மிக் குழவி ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டுபோய் கறிவேப்பிலை அடியில் நட்டு, மஞ்சள் பூசி, பெரிய குங்குமப் பொட்டு வைத்து, மஞ்சள் கயிறும் கட்டிவிட்டு வந்தேன். மறுநாள் அரிவாளோடு வந்தவர்கள் கும்பிட்டுவிட்டு அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். உங்களில் சிலரும் என்னோடு சிரித்தீர்கள், ஞாபகம் இருக்கட்டும்.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் கொத்துக் கொத்தாக இலை கொண்டுபோனால், "இருக்கட்டும் தங்கச்சி, வீட்டுல கிடக்கு" என்று வாங்க மாட்டார். சாமி கல்லடியில் பறித்தது என்பதால் சர்ச்சுக்குப் போகிறவர் தயங்குகிறார் என்று நானாக ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன்.

கல்லோ என் கையை விட்டுப் போய்விட்டது. வளைவில் தேநீர்க் கடை வைத்திருக்கும் மினதி முதலில் ஒரு செம்பருத்தி வைத்தாள். பிறகு தினமும் சாயங்காலம் விளக்கு. அவள் மகளுக்கு வந்த காய்ச்சல் இறங்கியது இந்த அம்மாவால்தான் என்று அவளுக்கு நம்பிக்கை. ஆட்டோக்காரர்கள் முதல் சவாரிக்கு முன்னால் தொட்டுக் கும்பிட்டார்கள். சிவப்புத் துணி வந்தது, மூங்கில் தடுப்பு வந்தது. சுற்றியிருந்த புதரில் கை வைக்க ஒருவருக்கும் துணிச்சலில்லை. கறிவேப்பிலையோடு ஆமணக்கும் கொடியும் சேர்ந்து நடைபாதையை மூடி, வளைவில் ஆள் உயரத்துக்கு ஒரு பச்சைச் சுவரே எழும்பிவிட்டது. அந்த இடத்தில் எல்லோரும் தார்ச்சாலையில் இறங்கித்தான் நடந்தோம். எதிரே வரும் ஆட்டோ மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் தெரியும்.

இந்த நிலையில்தான் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, வீட்டுக்குள் வாக்கர் என்கிற நடைச்சட்டத்தைப் பிடித்து நடக்கும் அளவுக்குத் தேறினார். பிசியோதெரபிக்கு வந்த பெண், "இனிமேல் வெளியே நடக்கணும் அங்கிள். குளக்கரை பார்க் வரைக்கும் தினமும் போய்வந்தாத்தான் கால் திரும்பும். இந்த ஆறு மாசத்தை விட்டா அப்புறம் கஷ்டம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். முதல் நான்கு நாள் வளைவு வரை போய்த் திரும்பினோம். அங்கே சாலையில் இறங்க அவருக்குப் பயம். ஐந்தாம் நாள் நான்தான் வற்புறுத்தி இறக்கினேன். வளைவில் திரும்பிய ஆட்டோ நடைச்சட்டத்தின் காலில் உரசிவிட்டுப் போனது. விழவில்லை, நான் தாங்கிப் பிடித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் நடைச்சட்டத்தைச் சுவரோரம் தள்ளிவிட்டார். "இனிமே நான் வரல உமா. என்னைக் கூப்பிடாதே" என்றார். நாற்பது வருடம் துறைமுகத்தில் கப்பல்களோடு மல்லுக்கட்டிய மனிதர், ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பத்து நாள் பார்த்தேன்.

நேராக அண்ணாச்சி வீட்டுக்குப் போய்க் கொட்டித் தீர்த்தேன். வார்டு ஆபீஸ் தூங்குகிறது, கவுன்சிலரிடம் போகலாம், பத்திரிகைக்கு எழுதலாம் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு நோட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்றல்ல, பல. எதைத் திருப்பினாலும் ஒரே வரி வாரா வாரம் இருந்தது: "வளைவு. நடைபாதை தெரியவில்லை. எதிரே வருவது தெரியவில்லை."

"ஒவ்வொரு தடவையும் நிமாய்கிட்ட குடுத்திருக்கேன். மாவோட இடம், அம்மன் இடம், கை வைக்க மாட்டோம்னுட்டான். அவன் மேல தப்பில்ல."

"அப்போ இதுக்கு வழியே இல்லையா அண்ணாச்சி?"

"இருக்கு. நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீங்க. அந்தக் கல்லை நீங்க வச்சீங்க. நீங்கதான் மினதிகிட்ட போய்ச் சொல்லணும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இத்தனை வருஷமா தெரிஞ்சுக்கிட்டு வாயைத் திறக்காம இருந்தீங்களே. நீங்க சொல்லியிருந்தா என்னவாம்?"

"நான் சொன்னா, கோயிலுக்குப் போகாதவன் கல்லை எடுக்கச் சொல்லுதான்னு ஆயிரும். அது வேற சண்டை, அது நமக்கு வேண்டாம்." சற்று நிறுத்திவிட்டு, "பொறவு, உங்களைக் காட்டிக்குடுக்கவும் எனக்கு மனசு வரல. ஆனா உங்ககிட்டயாவது சொல்லியிருக்கணும். இலை வேண்டாம்னு மட்டும் சொல்லிட்டு இருந்தேன். அது என் தப்பு" என்றார்.

இலையை வாங்காததற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்ததும் இன்னும் கோபம் வந்தது. கேட்டை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். நான்கு நாள் பேசவில்லை. அந்த நான்கு நாளும் ஜன்னலோரத்தில் இருந்த இவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மினதி முகத்தில் எப்படி விழிப்பது? அவள் கும்பிடுவது எங்கள் வீட்டுத் துவையல் அரைத்த கல் என்று எப்படிச் சொல்வது? ஊர் என்னை அடிக்காமல் விடுமா? எல்லாம் யோசித்தேன். ஐந்தாம் நாள் அண்ணாச்சி வாசலில் போய் நின்று, "கூட வரீங்களா?" என்று மட்டும் கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மத்தியான நேரம், கடையில் கூட்டமில்லை. அண்ணாச்சி ஒரு டீயை வாங்கிக்கொண்டு பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்துவிட்டார். எனக்காக ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. நானே சொன்னேன். குழவி, மஞ்சள், கறிவேப்பிலை, சிரித்தது, எல்லாம். சிரித்ததைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. மினதி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சமையல் கல்லா, பௌதி?" என்றாள் கடைசியில். அவளுக்கு நான் பௌதி, அண்ணி.

"ஆமாம். அரைக்கிற கல்."

"அப்போ அன்னபூர்ணா" என்றாள் மினதி. "நானும் இத்தனை நாளா அவகிட்ட சோறுதான் கேட்டேன். கல்லைத்தான் நீங்க வச்சீங்க. அவ தானா வந்தா. அதுக்கு எதுக்கு அழுறீங்க?" கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தவள் சொன்ன அடுத்த வார்த்தைதான் எனக்கு உறைத்தது. "சேகர் தா நடைச்சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு இதுவரைக்கும் வந்து திரும்பிப் போறதை நானும் பாத்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே நகத்தியிருப்பேனே. மா மாட்டேன்னா சொல்லப்போறா?"

இத்தனை வருடம் அவளிடம் யாருமே கேட்கவில்லை. ஊரே அவளுக்குப் பயந்துகொண்டு நின்றிருக்கிறது.

அதன்பிறகு நடந்ததுதான் அண்ணாச்சியின் வேலை. எங்கே நகர்த்துவது என்று மினதியையே கைகாட்டச் சொன்னார். மதிலை ஒட்டி, நடைபாதைக்கு வெளியே ஒரு மூலையைக் காட்டினாள். மூன்று நாள் குந்தி உட்கார்ந்து, செங்கல் வைத்து, சிமெண்ட் பூசி, இடுப்பளவு மேடை ஒன்று கட்டினார். செருப்பைத் தள்ளிக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கட்டினார். ஆட்டோக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "ராஜ் பாபு, உங்க சாமிக்கு இது சம்மதமா?" என்று கேட்டதற்கு, "நடக்க முடியாதவங்களுக்கு வழிவிட்டா அவருக்குச் சந்தோசம்தான்" என்றார். வியாழக்கிழமை மினதியே சங்கு ஊதி, கல்லைத் தூக்கி மேடையில் வைத்தாள். திங்கட்கிழமை நிமாய் தாவின் ஆட்கள் வந்தார்கள். அன்றும் அண்ணாச்சி பக்கத்திலேயே நின்றார். ஆமணக்கும் கொடியும் போயின. கறிவேப்பிலையில் தாய்மரம் ஒன்றை மட்டும், கீழ்க்கிளைகளைக் கழித்து விட்டுவிடச் சொன்னார். நான் வாய் திறந்து கேட்கவில்லை, அவராகச் சொன்னது. மத்தியானத்துக்குள் சிவப்புக் கல் பதித்த நடைபாதை வெளியே வந்தது. அப்படி ஒன்று அங்கே இருந்ததையே நாங்கள் மறந்துபோயிருந்தோம்.

மறுநாள் காலை அண்ணாச்சி வந்து அழைப்பு மணியை அடித்தார். நடக்க வாங்க என்று நான் சொல்லிப் பயனில்லாததை அவர் சொல்லவும் இல்லை. "சேகர் சார், வளைவுல எதிர்ல வாரது தெரியுதான்னு நீங்க பாத்துச் சொல்லணும். என் கண்ணு இப்ப சரியில்ல" என்றார். அவர் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். இவர் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

அண்ணாச்சியிடம் எரிச்சலூட்டும் குணங்கள் இல்லையா என்றால் நிறைய உண்டு. பேச ஆரம்பித்தால் சாந்த்ராகாச்சியில் புறப்பட்டு கரக்பூர் போய்த்தான் நிற்பார். யார் வீட்டுச் செடித்தொட்டி ஓர் அங்குலம் வெளியே வந்தாலும் விட மாட்டார். போன வருடம் ஷீலா வற்புறுத்தி நியூ டவுனுக்கு அழைத்துப் போனாள். இருபதாவது மாடி, கீழே சீப்பால் வாரியதைப் போன்ற புல்வெளி. இரண்டே வாரத்தில் மனைவி எலிசபெத் அக்காவையும் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். கேட்டால், "அங்க எல்லாத்தையும் வெட்டியே வச்சிருக்கான். மனுசன் என்னத்தப் பாக்க?" என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

அடக்கத்துக்குப் புறப்பட்ட அன்று நிமாய் தாவும் அவர் ஆட்களும் சீருடையோடு வந்து நின்றார்கள். மினதி கடையை மூடியிருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து அண்ணாச்சி வீட்டுக்கு வளைவைத் தாண்டித்தான் போக வேண்டும். கார் வேண்டாமென்று இவர் சொல்லிவிட்டார். நடைச்சட்டம் இல்லாமல், ஒரு கைத்தடியோடு, நடைபாதையிலேயே நடந்துபோய் அண்ணாச்சியின் காலடியில் நின்றார்.

ஷீலா அந்த நோட்டுகளை என்னிடம் கொடுக்க வந்தாள். வேண்டாம், உன் அப்பாவின் கையெழுத்து உன்னிடம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். எனக்கென்று அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது வேறு. அடுத்த திங்கட்கிழமை நானும் இவரும் தெருவை நடந்தோம். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம். இவரால் வேகமாக நடக்க முடியாததால் எதுவும் தப்பவில்லை. பட்டியலை முடித்துவிட்டதாக நினைத்து எங்கள் வாசலில் நின்றபோது இவர் தடியைத் தூக்கி மேலே காட்டினார். இன்னும் கொஞ்சம் குழறும் குரலில், "நம்ம காகிதப்பூ விளக்கை மறைக்குது. அதையும் எழுது" என்றார்.

இருபது வருடம் நான் ஆசையாக வளர்த்த கொடி. பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. சுருக்கென்று கோபம் வந்தது. பட்டியலின் தலையில் இடம் பண்ணி, முதல் வரியாக அதை எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன்.